ரெண்டு பெட்டி, ஒரே 2.4.9

2012 ஜூலையில் ஒருநாள் காலை, உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து எங்கள் டெக்னீஷியன் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ரெண்டு பொட்டியும் 2.4.9 தானுங்க்கா. ஒண்ணு தண்ணி இல்லீனா கரெக்ட்டா நின்னுக்குது. இன்னொண்ணு நிக்கவே மாட்டேங்குது. காயில் பொகஞ்சு போச்சுங்க்கா."

நான் அப்போது கோவையில், விவசாய மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் புரோகிராம், எழுதிக்கொண்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் தீர்ந்துபோனால் மோட்டார் இழுக்கும் கரண்ட் சட்டென்று குறையும். அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்த வேண்டியது எங்கள் பெட்டியின் வேலை. அந்த இடத்தில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்தித்தான் 2.4.9-ஐ வெளியே அனுப்பியிருந்தோம். பெட்டிக்கு கரண்ட் வந்ததும் சின்ன எல்சிடியில் பதிப்பு எண் ஓடும். இரண்டிலும் ஒரே எண்தான் ஓடியது. ஆனால் உள்ளே இருந்த புரோகிராம் வேறு வேறு.

இரண்டு பெட்டியிலும் ஏற்றிய ஹெக்ஸ் கோப்புகள் ஆபீஸில் தேதிவாரியாக இருந்தன. வியாழன் இரவு பில்ட் (கோடிலிருந்து தயாரித்த புரோகிராம்) ஒன்று, வெள்ளி இரவு பில்ட் ஒன்று. இரண்டுக்கும் பெயர் 2.4.9. ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளடக்கம் வேறு. திருத்தத்தை நான் கமிட் செய்தது, அதாவது பொதுச் சேமிப்பில் பதிந்தது, வெள்ளிக்கிழமை மதியம். ஆக, வெள்ளி இரவு வந்திருக்க வேண்டிய எண் 2.4.10. ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

பில்ட் ஸ்கிரிப்ட் மிகவும் எளிமையானது. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்) என்ற கருவியின் ரெப்பாசிட்டரியிலிருந்து, அதாவது சேமிப்பிலிருந்து, புதிய ஃபோல்டர் ஒன்றில் செக்கவுட் செய்யும், அதாவது பிரதி எடுக்கும். பதிப்பு எண் இருக்கும் சிறிய ஹெடர் கோப்பைத் திறந்து கடைசி எண்ணில் ஒன்று கூட்டும். அதைக் கமிட் செய்துவிட்டு கம்பைல் செய்யும். செக்கவுட் செய்த ஃபோல்டர்களை 7 நாள் வைத்திருந்து பிறகு அழித்துவிடும். வியாழக்கிழமை ஃபோல்டர் இன்னும் அழியாமல் இருந்தது. அதற்குள் நுழைந்து ஹெடரைத் திறந்தேன். 2.4.9 என்றிருந்தது. எண் கூட்டப்பட்டிருக்கிறது. லாகைப் பார்த்தேன். அந்த இரவில் அந்தக் கோப்புக்குக் கமிட்டே இல்லை. சரி, கமிட் ஆகாமல் மாற்றம் நிற்கிறது என்றால் ஸ்டேட்டஸ் கேட்டால் சொல்ல வேண்டுமல்லவா? எஸ்விஎன் ஸ்டேட்டஸ் அடித்தேன். ஒரு வரிகூட வரவில்லை. எஸ்விஎன் டிஃப் அடித்தேன். அதற்கும் பதில் இல்லை.

சப்வெர்ஷன் 1.6-இல் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு மறைவான எஸ்விஎன் ஃபோல்டர் இருக்கும். கடைசியாக சர்வரிலிருந்து வந்த அசல் பிரதி அதற்குள் டெக்ஸ்ட்-பேஸ் என்ற இடத்தில் கிடக்கும். லினக்ஸின் சாதாரண டிஃப் கட்டளையை எடுத்து, வெளியே இருக்கும் ஹெடரையும் உள்ளே இருக்கும் அசலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டேன். ஒன்றில் 8, மற்றதில் 9. வித்தியாசம் கண்ணெதிரே இருக்கிறது, சப்வெர்ஷன் இல்லை என்கிறது.

அதே மறைவு ஃபோல்டரில் என்ட்ரீஸ் என்றொரு கோப்பு உண்டு. எந்தக் கோப்பு எந்த ரிவிஷன், கடைசியாகப் பார்த்தபோது அதன் அளவு என்ன, நேரம் என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஹெடருக்கு எதிரே இப்படி இருந்தது:

2012-07-05T17:32:05.000000Z

இந்திய நேரத்துக்கு மாற்றினால் இரவு 11 மணி 2 நிமிடம் 5 வினாடி. பிறகு ஸ்டாட் கட்டளை கொடுத்து, வட்டில் இருக்கும் கோப்பின் நேரத்தைக் கேட்டேன். 23:02:05.000000000 என்றது. அளவைக் கேட்டால் அதுவும் ஒன்றுதான். 8 என்ற இடத்தில் 9 வந்தால் ஒரு பைட்கூடக் கூடாதே. டச் கட்டளையால் அந்தக் கோப்பின் நேரத்தை மட்டும் இப்போதைக்கு மாற்றிவிட்டு மறுபடி ஸ்டேட்டஸ் கேட்டேன். உடனே எம் என்ற எழுத்தோடு வரி வந்தது, மாறியிருக்கிறது என்று.

நான் அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஆறு பூஜ்யங்களைத்தான். மைக்ரோ வினாடிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நிரப்ப ஆள் இல்லை. அந்த மெஷினில் இருந்தது சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ், வட்டில் கோப்புகளை வைக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) ஈஎக்ஸ்டி3. ஈஎக்ஸ்டி3 கோப்பின் நேரத்தை முழு வினாடியாக மட்டும் வைத்துக்கொள்ளும். 23:02:05 என்ற வினாடிக்குள் சப்வெர்ஷன் கோப்பை எழுதி நேரத்தைக் குறித்துக்கொண்டது. அதே வினாடி முடிவதற்குள் எங்கள் ஸ்கிரிப்ட் அதே அளவில் அதை மாற்றி எழுதிவிட்டது. அளவும் நேரமும் குறிப்போடு ஒத்துப்போனால் சப்வெர்ஷன் கோப்பைத் திறந்தே பார்க்காது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொரு தடவையும் திறந்து படித்தால் வேலை நடக்காது என்பதால் இந்த வழி. காரணம் நியாயமானதுதான்.

சப்வெர்ஷனை எழுதியவர்களுக்கு இந்த ஓட்டை தெரியாமல் இல்லை. செக்கவுட்டோ அப்டேட்டோ முடிந்ததும் அந்த புரோகிராம் கடிகாரத்தில் அடுத்த வினாடி பிறக்கும் வரை சும்மா காத்திருந்துவிட்டுத்தான் வெளியே வரும். அதற்குப் பிறகு யார் எவ்வளவு வேகமாகத் தொட்டாலும் நேரம் மாறியிருக்கும். ஒரு புரோகிராம் ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் பார்க்கும் அவசரக்காரர்களுக்கு அது வீண் தாமதமாகத் தெரியும். எங்கள் இடத்திலும் தெரிந்திருக்கிறது. பில்ட் பயனருடைய தொடக்கக் கோப்பில், எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு சூழல் மாறியை (புரோகிராம்கள் ஓடும்போது எடுத்துப் பார்க்கும் ஒரு அமைப்பை) வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பெயரை அப்படியே எழுதுகிறேன்: எஸ்விஎன் ஐ லவ் கரப்டட் வொர்க்கிங் காப்பீஸ் ஸோ டிஸேபிள் ஸ்லீப் ஃபார் டைம்ஸ்டாம்ப்ஸ். 'கெட்டுப்போன பணிநகல் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம், ஆகவே டைம்ஸ்டாம்ப்புக்காகத் தூங்காதே' என்று அர்த்தம். அந்தக் காத்திருப்பை நிறுத்துவதற்கென்று சப்வெர்ஷனிலேயே இருக்கும் மாறி அது. வைக்கிறவர் ஒரு கணமாவது தயங்கட்டும் என்றுதான் இத்தனை நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஸ்கிரிப்ட் நான்கு தடவை சப்வெர்ஷனைக் கூப்பிடும். தடவைக்கு ஒரு வினாடி என்று வைத்தாலும் ஒரு இரவுக்கு மிச்சமானது 4 வினாடி.

அப்படியானால் அதுவரை ஏன் தப்பாகவில்லை? இதற்கு விடை கிடைத்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டது. ஹெடரை சப்வெர்ஷன் எழுதுவதற்கும் எங்கள் ஸ்கிரிப்ட் அதைத் திருத்துவதற்கும் நடுவில் வேறு சில வேலைகள் இருந்தன. பழைய மெஷினில் அதற்கு ஒன்றரை வினாடி பிடித்தது. ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் நேரம் கட்டாயம் மாறியே தீரும். ஜூன் மாதம் புது மெஷின் வந்தது. அதில் அந்த வேலைகள் சுமார் 0.9 வினாடியில் முடிந்தன. அப்போதும் பெரும்பாலான இரவுகளில் நடுவே ஒரு வினாடி எல்லை கடந்துபோகும், தப்பித்துவிடுவோம். பத்தில் ஒரு தடவை இரண்டும் ஒரே வினாடிக்குள் விழும். ஜூனிலிருந்து நடந்த 37 பில்ட்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை எண் இரட்டித்திருந்தது. 2.3.9-இலிருந்து 2.3.10-க்குப் போன இரவு மட்டும் எந்த மெஷினிலும் தப்பு நடக்க வாய்ப்பே இல்லை. 9 போய் 10 வரும்போது கோப்பு ஒரு பைட் நீண்டுவிடும்.

அந்த மாறியை அன்றே எடுத்துவிட்டேன். தோட்டத்துக்காரருக்குக் கம்பெனி செலவில் மோட்டாரை ரீவைண்டிங் செய்து கொடுத்தார்கள். அவருக்கு நான்கு நாள் தண்ணீர் பாயவில்லை. அந்த நான்கு நாளும் என் மனதில் இருந்துகொண்டே இருந்ததால்தான் கோப்பின் நேரம் என்ற இந்தச் சின்ன விஷயத்தை இத்தனை வருடம் விடாமல் படித்து வருகிறேன்.

முதலில் வட்டுகள். எந்த ஃபைல் சிஸ்டம் எவ்வளவு நுணுக்கமாக நேரம் வைக்கிறது என்பது ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும். பென்டிரைவ்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஃபேட், மாற்றிய நேரத்தை 2 வினாடிக்கு ஒரு படியாக வைக்கிறது. காரணம் இட நெருக்கடி. மணி, நிமிடம், வினாடி மூன்றையும் 16 பிட்டுக்குள் அடைத்தார்கள். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக மீதி 5 பிட். 5 பிட்டில் 32 எண்கள்தான் அடங்கும். 60 வினாடியை அதற்குள் அடைக்க வழியில்லாமல் பாதியாக வகுத்துவிட்டார்கள். ஜிப் கோப்பின் அடிப்படை வடிவமும் இதையேதான் சுமக்கிறது. ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் 1 வினாடி. 2017-இல் மேக் கணினிக்கு வந்த ஏபிஎஃப்எஸ் நானோ வினாடி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 100 நானோ வினாடி. ஈஎக்ஸ்டி4-லும் நானோ வினாடி உண்டு, ஆனால் ஐநோடு (ஒரு கோப்பின் அளவு, நேரம் போன்ற விவரங்கள் இருக்கும் பதிவு) 128 பைட்டாக இருந்தால் அதற்கு இடம் கிடையாது, 256 பைட் வேண்டும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று வருடம் கழித்து நாங்கள் சப்வெர்ஷனை விட்டு கிட் என்ற கருவிக்கு மாறினோம். என் முதல் கேள்வி இதுதான்: அதே வினாடியில் அதே அளவில் மாற்றினால் நீ கண்டுபிடிப்பாயா? கிட்டும் கோப்புகளைத் திறக்காமல் நேரத்தையும் அளவையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இண்டெக்ஸ் என்ற ஒரே கோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டைம் (உள்ளடக்கம் மாறிய நேரம்), சிடைம் (ஐநோடு மாறிய நேரம்), ஐநோடு எண், உரிமையாளர், அளவு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆனால் காத்திருப்பது கிடையாது. பிறகு எப்படிச் சமாளிக்கிறது?

கிட்டின் கூடவே வரும் தொழில்நுட்ப ஆவணங்களில் 'ரேசி கிட்' என்று ஒரு சிறிய கட்டுரை இருக்கிறது. அதைப் படித்தபோது ஒரு நல்ல கணக்கைக் கண்டது போல இருந்தது. கிட் பார்ப்பது இண்டெக்ஸ் கோப்பின் சொந்த நேரத்தை. ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரம் இண்டெக்ஸ் எழுதப்பட்ட நேரத்துக்கு முந்தியதாக இருந்தால், நான் குறித்துக்கொண்ட பிறகு அதை யாரும் தொடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கோப்பின் நேரமும் இண்டெக்ஸின் நேரமும் ஒன்றாகவே இருந்தால்? குறித்ததற்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியாது. அப்போது மட்டும் கிட் அந்தக் கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்கிறது. சப்வெர்ஷனுக்கு 'சமம்' என்றால் மாறவில்லை. கிட்டுக்கு 'சமம்' என்றால் சந்தேகம். எங்கள் ஹெடருக்கு நடந்தது இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதோடு முடியவில்லை. இண்டெக்ஸ் ஒரு தடவை எழுதி ஓய்கிற கோப்பு அல்ல. பத்து வினாடி கழித்து நான் வேறொரு கோப்பை கிட் ஆட் கட்டளையால் இண்டெக்ஸில் சேர்த்தால் இண்டெக்ஸ் புதிதாக எழுதப்படும், அதன் நேரமும் பத்து வினாடி முன்னே போய்விடும். அப்போது சந்தேகத்தில் இருந்த கோப்பு திடீரென்று பழசாகித் தெரியும், சந்தேகம் கலைந்துவிடும், ஓட்டை திறந்துகொள்ளும். இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்து பார்க்கலாம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. எக்கோ கட்டளையால் ஒரு கோப்பில் 2.4.8 என்று எழுதி, கிட் ஆட் செய்து, அதே கோப்பில் 2.4.9 என்று மறுபடி எழுத வேண்டும். மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும், அப்போதுதான் ஒரே வினாடிக்குள் முடியும். இப்போது கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை டீபக் தேர்வோடு கொடுத்தால் இண்டெக்ஸில் இருப்பதை அப்படியே காட்டும். அளவு 6 என்றிருக்கும். ஐந்து எழுத்தும் ஒரு வரி முடிவும். அடுத்து வேறொரு கோப்பை உருவாக்கி ஆட் செய்துவிட்டு அதே டீபக் கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். முதல் கோப்புக்கு எதிரே அளவு 0 என்று மாறியிருக்கும்.

நான் முதல் தடவை அந்த 0-வைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். வட்டில் கோப்பு 6 பைட்டோடு அப்படியே இருக்கிறது. இண்டெக்ஸை மறுபடி எழுதும் நேரத்தில் கிட் சந்தேகக் கோப்பைத் திறந்து படித்திருக்கிறது, உள்ளே மாறியிருப்பதைக் கண்டிருக்கிறது, தன் குறிப்பில் அளவை வேண்டுமென்றே பொய்யாக 0 என்று வைத்துவிட்டது. இனி எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும் அளவு ஒத்துப்போகாது, மாற்றம் தப்பவே தப்பாது. நிஜமாகவே 0 பைட் கோப்பாக இருந்தால் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். காலிக் கோப்புக்குரிய ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எது என்பது கிட்டுக்குத் தெரியும். குறிப்பில் அளவு 0, ஆனால் ஹாஷ் காலிக் கோப்பினுடையது இல்லை என்றால் மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். இண்டெக்ஸில் புதிதாக ஒரு பிட்கூடச் சேர்க்காமல் இதை முடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இண்டெக்ஸில் நானோ வினாடிக்கு இடம் இருந்தாலும், யூஸ் என்செக் என்ற தேர்வோடு கம்பைல் செய்யாவிட்டால் கிட் வினாடியைத்தான் ஒப்பிடுகிறது. 'நானோ வினாடி இருக்கும்போது எதற்கு இந்தப் பிற்போக்கு' என்று ஆபீஸில் ஒரு ஜூனியர் தம்பி கேட்டான். காரணம் உண்டு. லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலில், 2.6.11 பதிப்புக்கு முன்னால், நினைவகத்தில் இருக்கும் ஐநோடில் நானோ வினாடி வரை நேரம் இருக்கும். வட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்த பின்னம் உதிர்ந்துவிடும். கோப்பை யாரும் தொடாமலேயே அதன் நேரம் மாறிவிட்டது போலத் தெரியும். பொய்யான நுணுக்கத்தைவிட உண்மையான வினாடி மேல் என்பது என் கருத்தும்கூட. சந்தேகம் வந்தால் படித்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறவரை வினாடி போதும். பெரிய திட்டங்களில் அந்தப் படிக்கும் செலவு அதிகமாகாதா என்றால், அதற்கும் அந்த ஆவணத்திலேயே பதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய திட்டத்தில் எல்லாக் கோப்புக்கும் ஹாஷ் கணக்கிட்டு முடிக்கவே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். கடைசியில் எழுதப்படும் இண்டெக்ஸ் எப்படியும் எல்லாக் கோப்புகளையும்விடப் புதியதாகிவிடும்.

மற்றவர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெர்க்குரியல் என்ற இன்னொரு பதிப்பு மேலாண்மைக் கருவி தன் குறிப்புக் கோப்பான டிர்ஸ்டேட்டை எழுதும் வினாடியிலேயே மாறிய கோப்புகளுக்கு நேரத்தைக் குறிக்காமல் விட்டுவிடும், அடுத்த தடவை திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காக. 6.0-இல் வந்த புது டிர்ஸ்டேட் வடிவத்தில் நானோ வினாடிக்கும் இடம் உண்டு. கிட்டையே ஜாவாவில் எழுதிய வடிவமான ஜேகிட் யாரையும் நம்பாமல் தானே கோப்பு எழுதிப் பார்த்து, இந்த வட்டின் நேரம் எவ்வளவு நுணுக்கம் என்று அளந்து, கன்ஃபிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. சப்வெர்ஷனும் கோப்பின் நேரத்தில் மைக்ரோ வினாடி தெரிந்தால் முழு வினாடி காக்காமல் சில மில்லி வினாடியோடு வெளியே வந்துவிடும். பைதான் பதிப்பு மேலாண்மைக் கருவி இல்லை, ஆனாலும் அதே குடும்பத்து வியாதி அதற்கும் உண்டு. கம்பைல் செய்து சேமித்துக்கொள்ளும் பிஒய்சி கோப்புக்குள் மூலக் கோப்பின் நேரத்தை முழு வினாடியாகவும் அளவையும் மட்டும்தான் வைத்திருக்கிறது. ஒரே வினாடியில் ஒரே அளவில் மாற்றி ஓட்டினால் பழைய கோடே ஓடும். 3.7 முதல் ஹாஷ் வைத்துச் சரிபார்க்கும் வழியும் வந்தது. தானாகக் கோடு எழுதும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

கிட் செக்கவுட் செய்யும்போது கோப்புகளுக்குக் கமிட் நடந்த பழைய தேதியை ஏன் வைப்பதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். வைக்கக்கூடாது. கம்பைல் வேலையை நடத்தும் மேக் என்ற கருவியும் அது போன்றவையும் மூலக் கோப்பு, அதைக் கம்பைல் செய்து வந்த ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் புதியதா என்று மட்டும் பார்க்கின்றன. நீங்கள் பழைய கிளைக்கு, அதாவது கோடின் இன்னொரு வடிவத்துக்கு, மாறியதும் கோப்பில் பழைய தேதி வந்து உட்கார்ந்தால், மேக் கம்பைல் செய்யாமல் விட்டுவிடும். கையில் இருப்பது ஒரு கிளையின் மூலம், ஓடுவது இன்னொரு கிளையின் புரோகிராம். உடுமலைப் பெட்டியின் கதையேதான் அதுவும்.

சரி, வட்டு நானோ வினாடி வைக்கிறது, நாமும் நானோ வினாடியை ஒப்பிடுகிறோம். அப்போதாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. 2019 வாக்கில் இதை என் லேப்டாப்பில் சோதித்தேன். ஒரு ஃபார் லூப்பில் 500 சிறிய கோப்புகளை எழுதிவிட்டு, எல்லாவற்றின் நேரத்தையும் வரிசைப்படுத்தி எத்தனை வெவ்வேறு நேரம் இருக்கிறது என்று எண்ணினேன். ஆறு. 500 கோப்புக்கு ஆறே நேரம். புள்ளிக்குப் பிறகு .483217615 என்று ஒன்பது இலக்கமும் அச்சு மாறாமல் எண்பது, தொண்ணூறு கோப்புகளில் இருந்தது. அடுத்த குழு .487217642. வித்தியாசம் 4 மில்லி வினாடி. லினக்ஸ் கோப்பில் நேரம் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைத் துல்லியமாகக் கேட்பதில்லை, அது செலவு. கெர்னலின் துடிப்பு கடைசியாக அடித்தபோது குறித்து வைத்த நேரத்தை எடுத்துப் போட்டுவிடுகிறது. என் கெர்னலில் துடிப்பு வினாடிக்கு 250, ஆகவே 4 மில்லி வினாடிக்கு ஒரு படி. 100 என்று வைத்த கெர்னலில் 10 மில்லி வினாடி. ஒன்பது இலக்கம் இருக்கிறது என்பதற்காக ஒன்பது இலக்க நுணுக்கம் இருக்கிறது என்று நம்பி யாரோ எழுதிய கோட், இன்றைய வேகத்தில் 4 மில்லி வினாடிக்குள் நூறு தடவை ஏமாறும்.

இது 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13-இல் ஓரளவு தீர்ந்தது. ஜெஃப் லேட்டன் என்ற கெர்னல் டெவலப்பரின் வேலை, மல்டிகிரெய்ன் டைம்ஸ்டாம்ப் என்று பெயர். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸின் பழைய கிளையண்ட்களும் இதே நேரத்தை நம்பித்தான் சர்வரில் கோப்பு மாறியதா என்று பார்க்கின்றன. முதல் தேவை அங்கிருந்துதான் வந்தது. எல்லா எழுத்துக்கும் துல்லிய நேரம் போட்டால் செலவு அதிகம். அதனால் அவர்கள் பிடித்த வழி இது: ஒரு கோப்பின் நேரத்தை யாராவது கேட்டுப் பார்த்திருந்தால் ஐநோடில் ஒரு கொடி நடப்படும். கொடி இருக்கும் கோப்பு அடுத்து மாறினால், துடிப்பு நேரம் போதாதபோது துல்லியமான நேரம் போடப்படும். யாரும் பார்க்காத கோப்புக்கு வழக்கம்போலத் துடிப்பு நேரம். பார்த்தவனுக்கு மட்டும் அடுத்த மாற்றம் தெரிந்தால் போதும். 6.6-இலேயே ஒருமுறை சேர்த்துப் பிறகு திரும்ப எடுத்தார்கள். துல்லிய நேரம் வாங்கிய கோப்புக்குப் பிறகு மாறிய இன்னொரு கோப்பு, துடிப்பு நேரம் வாங்கியதால் முந்தியது போலத் தெரிந்தது. மேக் மாதிரிக் கருவிக்கு அது ஆகாது. மறுபடி வந்தபோது, ஒரு தடவை கொடுத்த துல்லிய நேரத்துக்குக் கீழே இனி எந்தக் கோப்புக்கும் நேரம் போகாது என்று ஒரு தரைமட்டம் வைத்துவிட்டார்கள்.

என் வீட்டு மெஷினில் 6.13 ஏறியதும் செய்த முதல் வேலை, ஒரே கோப்பை எழுது, ஸ்டாட் செய், எழுது, ஸ்டாட் செய் என்று மூன்று தடவை ஓட்டியது. பழைய கெர்னலில் பெரும்பாலும் மூன்றிலும் ஒரே எண்தான் வரும். இப்போது மூன்றும் வெவ்வேறு. 500 கோப்பு லூப்பையும் ஓட்டினேன். அது பழையபடி சில நேரங்களாகத்தான் வந்தது. நடுவில் யாரும் பார்க்கவில்லையே, அப்படித்தான் வர வேண்டும்.

இப்போது நான் வேறு இடத்தில், வயலில் இருக்கும் பெட்டிகளிலிருந்து தகவல் சேகரிக்கும் ஒரு கேட்வேக்கு லினக்ஸ் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். அதற்குள் செட்டிங் கோப்புகள் மாறினால் சர்வருக்கு அனுப்பும் ஒரு சின்ன புரோகிராம் நாங்களே எழுதியது. நேரமும் அளவும் பார்த்துத்தான் அதுவும் முடிவு செய்கிறது. போன மாதம் சோதனை போர்டில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் ஒரு செட்டிங் கோப்புக்கு ஸ்டாட் அடித்தேன். புள்ளிக்குப் பிறகு ஒன்பது பூஜ்யம்.

ஈஎக்ஸ்டி4 தான். கெர்னலும் புதியது. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் பார்த்தால் ஐநோடு அளவு 128. அந்தப் பார்ட்டிஷன் 256 எம்பி. சிறிய பார்ட்டிஷன் என்றால் இடத்தை மிச்சம் பிடிக்க 128 பைட் ஐநோடு வைப்பது ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் பழைய எம்கேஇ2எஃப்எஸ் கருவியின் வழக்கம். எங்கள் பில்டில் இருந்தது அந்தப் பழைய கருவி. மதியமே இமேஜ் செய்யும் ஸ்கிரிப்டில் ஐநோடு அளவு 256 என்று ஒரு தேர்வைச் சேர்த்தேன். அனுப்பும் புரோகிராமிலும், கோப்பின் நேரம் நாங்கள் குறிப்பெழுதிய நேரத்துக்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருந்தால் ஹாஷ் எடுத்துப் பார் என்று நான்கு வரி எழுதினேன். ரிவ்யூ செய்த பையன் "அதான் 256 ஆக்கிட்டீங்களேக்கா, இது எதுக்கு?" என்று கேட்டான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து உடுமலைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவனே ஒரு டெஸ்ட் எழுதிச் சேர்த்தான். 2.4.8 என்று எழுதி, குறித்துக்கொண்டு, அதே வினாடியில் 2.4.9 என்று மாற்றும் டெஸ்ட்.